லிண்டா ரான்ஸ்டாட்டின் ‘வாட்ஸ் நியூ’ (1983): அந்த ஆல்பத்தில் பாதி நெல்சன் ரிடிலுடையது

பாட்டுப்பெட்டி எழுதியது:

ராக், பாப் பாடகர்கள் ஒரு கட்டத்துக்குப் பிறகு பழைய பாடல்களை எடுத்துப் பாடி ஆல்பம் வெளியிடுவது இன்று வாடிக்கையாகிவிட்டது. ராட் ஸ்டூவர்ட் 2002இல் தொடங்கி வரிசையாக வெளியிட்டார். பால் மெக்கார்ட்னி 2012இலும், லேடி காகா டோனி பென்னட்டுடன் சேர்ந்து 2014இலும், பாப் டிலன் 2015இலும் அதே வழியில் வந்தார்கள். இவற்றைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் ‘குரல் எடுபட்டதா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறோம். வாத்தியங்களுக்கு எழுதியவர் யார், அவர் அந்தப் பாடலைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை யாரும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எடுத்துக்கொள்ளும் ஆல்பம் லிண்டா ரான்ஸ்டாட்டின் ‘வாட்ஸ் நியூ’. 1983 செப்டம்பரில் அசைலம் நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் 9 பாடல்கள். எல்லாமே 1920களுக்கும் 1940களின் இறுதிக்கும் இடையில் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. ஜார்ஜ் கெர்ஷ்வின், இர்விங் பெர்லின், கார்டன் ஜென்கின்ஸ் போன்றவர்களின் ஆக்கங்கள். பாடியவரோ 1970களில் அமெரிக்காவின் பெரிய விளையாட்டரங்குகளை நிரப்பிய ராக் பாடகி. 1946இல் அரிசோனாவின் டூசான் நகரில் பிறந்து, கன்ட்ரி ராக்கில் பெயர் பெற்று, 1980இல் ‘மேட் லவ்’ ஆல்பத்தில் நியூ வேவ் என்ற புதுவகை ராக் வரை போய்ப் பார்த்தவர்.

பக்கவாத்தியமாக ஏதோ ஓர் இசைக்குழுவைக் கூலிக்கு அமர்த்தி அவர் பாடியிருந்தால் இன்று இந்த ஆல்பத்தை நாம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டோம். அவர் நெல்சன் ரிடிலைத் தேடிப் போனார். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா கேப்பிட்டல் நிறுவனத்தில் 1953 முதல் பாடிய காலத்தில் ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’, ‘சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவர்ஸ்’, ‘ஒன்லி தி லோன்லி’ ஆகிய ஆல்பங்களுக்கு வாத்திய அமைப்பு எழுதிய அதே ரிடில். ஓரிரு பாடல்களுக்கு மட்டும் எழுதித் தருவாரா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்கள். தனிப் பாடல்களுக்குத் தான் எழுதுவதில்லை, எழுதினால் முழு ஆல்பம்தான் என்று ரிடில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலில்தான் இந்த ஆல்பம் உருவானது என்பது என் எண்ணம். ஒரே கை, ஒரே மனநிலை, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை மாறாத ஒரு நிதானம் ஆகியவை அதனால் கிடைத்தவை.

ஆகவே என் கட்சியை நேராகவே சொல்லிவிடுகிறேன். பழைய பாடல்களைப் பாடும் ஆல்பம் ஒன்று நிற்பதும் விழுவதும் பாடகரின் குரலைவிட அரேஞ்சரின், அதாவது வாத்தியங்களுக்கு எழுதுபவரின், பேனாவையே அதிகம் சார்ந்தது. ‘வாட்ஸ் நியூ’வில் பாதி ரிடிலுடையது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

ரிடிலைப் பற்றி நீங்கள் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். ஆனால் வாத்திய அமைப்பின் பெருமையைப் பேசிக்கொண்டே பாட்டில் உள்ள குறையைத் தாண்டிப் போய்விட முடியாது. இந்தப் பாடல்களை ஜாஸ் கேட்டு வளர்ந்தவர்கள் எதிர்கொள்ளும் விதம் வேறு. ‘லவ்வர் மேன்’ பாடலை ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1944இல் பதிவு செய்தார். தாளம் ஓரிடத்தில் விழும். அவருடைய சொல் ஒரு கணம் தாமதித்து, போவதா வேண்டாமா என்று யோசித்து வந்து சேரும். அந்தத் தாமதத்தில்தான் அந்தப் பெண்ணின் தனிமை முழுவதும் இருக்கிறது. ரான்ஸ்டாட் அதே பாடலைப் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் தாளத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. சுருதி சுத்தம், உச்சரிப்புச் சுத்தம், மூச்சு அபாரம். ஆனால் சந்தேகம் இல்லை, தயக்கம் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோலவே பாடுகிறார்.

‘கிரேஸி ஹி கால்ஸ் மி’யும் பில்லி ஹாலிடே 1949இல் பாடியதுதான். இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்ததன் மூலம் ரான்ஸ்டாட் தானே ஓர் ஒப்பீட்டை அழைத்துவிட்டார். அந்த ஒப்பீட்டில் அவர் தேறவில்லை. அழகான குரல் ஒன்று அழகான அறைக்குள் நின்று பாடுகிறது. அறை ரிடில் கட்டியது. வீட்டைக் கட்டியவரைப் புகழ்வதால் குடியிருப்பவருக்கு அந்தப் புகழ் போய்ச் சேர்ந்துவிடாது.

மூன்றாம் சரணம் எழுதியது:

இசைக்குழுவில் வயலின் வாசிப்பவன் என்ற முறையில், தலைப்புப் பாடலை மட்டும் அருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். பொதுவாகப் பேசுவதைவிட அது பயன்படும்.

‘வாட்ஸ் நியூ’ முதலில் பாட்டே அல்ல. பாப் கிராஸ்பியின் இசைக்குழுவில் பாஸ் வாசித்த பாப் ஹாகர்ட், அதே குழுவின் டிரம்பெட் கலைஞர் பில்லி பட்டர்ஃபீல்டுக்காக 1938இல் எழுதிய வாத்திய இசை அது. 1939இல்தான் ஜானி பர்க் அதற்கு வரிகள் எழுதினார். டிரம்பெட்டுக்காக எழுதியதால் மெட்டு பெரிய தாவல்களோடு ஏறி இறங்குகிறது. சாதாரணப் பாடகர்கள் அதில் மூச்சுத் திணறுவார்கள். அதன் நடுப்பகுதியைக் கவனியுங்கள். புதிய மெட்டு எதுவும் இல்லை. முதல் பகுதியில் வந்த அதே மெட்டை நான்கு சுரம் மேலே தூக்கி வைத்திருக்கிறார். சுருதி உயர்கிறது, பேச்சு அதேதான். வரிகளின் நிலைமையும் அதுவே. முன்பு காதலித்தவரை வழியில் சந்திக்கும் ஒருவர், என்ன செய்தி, எப்படி இருக்கிறீர்கள் என்று நாகரிகமாக விசாரிக்கிறார். பேச்சு மாறாமல் உள்ளே பதற்றம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தான் மாறவில்லை, இன்னமும் காதலிக்கிறேன் என்பது கடைசியில்தான் வெளிப்படுகிறது.

ஆகவே நள்ளிரவு வானொலி சொல்லும் தாமதமும் தயக்கமும் இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது. இதில் பேசுகிறவர் தன்னை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஒழுங்காகச் சொல்ல முயல்கிறவர். ரான்ஸ்டாட் தாளத்தில் நேராக நின்று பாடுவது அந்த மனநிலைக்கு மிகச் சரியாக அமைகிறது. நடுப்பகுதியில் மெட்டு மேலே போகும்போது அவருடைய குரல் திறந்துகொள்கிறது. அரங்குகளில் பாடிப் பழகிய அந்தப் பலம் ஒரு கணம் தலைகாட்டி, அடுத்த அடியிலேயே அடங்கிவிடுகிறது.

இப்போது ரிடிலைப் பாருங்கள். இதே பாடலுக்கு அவர் ஏற்கெனவே 1958இல் சினாட்ராவுக்காக ‘ஒன்லி தி லோன்லி’ ஆல்பத்தில் எழுதியிருக்கிறார். ‘கெஸ் ஐல் ஹேங் மை டியர்ஸ் அவுட் டு டிரை’, ‘குட்பை’ ஆகிய இரண்டும் அந்த ஆல்பத்தில் உள்ளவைதாம். 25 ஆண்டுகளுக்குப் பின் அதே மூன்று பாடல்களை மீண்டும் எடுக்கும்போது பழைய தாள்களைத் தூசி தட்டி, சுருதியை மட்டும் பெண் குரலுக்கு மாற்றிக் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1958இல் எழுதியது இருண்டது. தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஆண்டு அவருக்கு அது; மரக்குழல்களின் தாழ்ந்த ஒலிகளில் அந்தக் கனம் தெரியும். 1983இல் எழுதியதில் வயலின் கூட்டம் முன்னே வந்து, பாடகியின் ஒவ்வொரு வரிக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாடும்போது எங்களை மௌனமாக இருக்கச் சொல்கிற அரேஞ்சர்கள் குறைவு. ரிடில் அதைத் தெரிந்தவர்.

கடற்கரைச் சாலை எழுதியது:

வணக்கம். காகாவும் பென்னட்டும் சேர்ந்து பாடிய ‘சீக் டு சீக்’ வழியாகத்தான் நான் இந்தப் பாடல்களுக்குள் வந்தேன். ரான்ஸ்டாட்டின் பெயரையே இந்த இழையில்தான் முதலில் அறிகிறேன். பெரியவர்களிடம் ஒரு கேள்வி. காகா பாடியபோது அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் வந்து இறங்கியது, எல்லோரும் வரவேற்றார்கள். 1983இல் ஒரு ராக் பாடகி இதைச் செய்தபோது நிலைமை எப்படி இருந்தது? ரெக்கார்டு நிறுவனம் ஆதரித்ததா? இந்தப் பாடல்களை அன்றைய இளைஞர்கள் அறிந்திருந்தார்களா?

வட்டுச் சேகரம் எழுதியது:

தம்பி கடற்கரைச் சாலைக்கு.

நிறுவனம் ஆதரிக்கவில்லை. வரிசையாகப் பல ஆல்பங்களைப் பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற பாடகி திடீரென்று தாத்தா காலத்துப் பாட்டைப் பாடப் போகிறேன் என்றால் எந்த நிறுவனம்தான் சம்மதிக்கும்? இது உங்கள் தொழில் வாழ்க்கையையே முடித்துவிடும் என்று தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் வாதாடிப் பார்த்தார்கள். அவருடைய தயாரிப்பாளர் பீட்டர் அஷருக்கே தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. அதற்கு முன்பே, 1981இல், ஜெரி வெக்ஸ்லர் தயாரிப்பில் இதே வகைப் பாடல்களை ரான்ஸ்டாட் பதிவு செய்து, மனத்துக்குப் பிடிக்காமல் வெளியிடாமலே வைத்துவிட்டார். அந்த முதல் முயற்சி சரிவரவில்லை என்ற செய்தியும் தொழில் வட்டாரத்தில் அவருக்கு எதிராகவே இருந்திருக்கும். இந்த இடத்தில் பாட்டுப்பெட்டியின் கட்சிக்கு வலு சேருகிறது என்று நினைக்கிறேன். அதே பாடகி, அதே குரல், அதே வகைப் பாடல்கள். மாறியது வாத்தியங்களுக்கு எழுதியவர்தான்.

அவர்தான் முதல்வர் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1970இல் ரிங்கோ ஸ்டார் தன் பெற்றோருக்குப் பிடித்த பாடல்களைப் பாடி ‘சென்டிமென்டல் ஜர்னி’ வெளியிட்டார். 1973இல் ஹாரி நில்சன், சினாட்ராவின் இன்னொரு பெரிய அரேஞ்சரான கார்டன் ஜென்கின்ஸை வைத்து ஓர் அருமையான ஆல்பம் செய்தார். அது விற்பனையில் பெரிதாகப் போகவில்லை. 1978இல் வில்லி நெல்சனின் ‘ஸ்டார்டஸ்ட்’ வந்து, கன்ட்ரி பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நின்றது. ஆனால் அதில் இருந்தது சிறிய குழு, எளிய வாசிப்பு. முழு இசைக்குழுவோடு, பழைய முறையிலேயே, ஒரு ராக் நட்சத்திரம் செய்து வெகுமக்களிடம் வென்றது ‘வாட்ஸ் நியூ’தான்.

வெளிவந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ பட்டியலை ஆண்டுகொண்டிருந்த நேரம். லயனல் ரிச்சியின் ‘கான்ட் ஸ்லோ டவுன்’ அதன் அருகில். அந்த இரண்டுக்கும் அடுத்தபடியாக மூன்றாம் இடம்வரை இந்த ஆல்பம் ஏறியது. அமெரிக்காவில் 30 இலட்சத்துக்கு மேல் விற்று டிரிபிள் பிளாட்டினம் ஆனது. ரிடிலுக்குத் தலைப்புப் பாடலின் வாத்திய அமைப்புக்காக கிராமி கிடைத்தது. 1984இல் ‘லஷ் லைஃப்’, 1986இல் ‘ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்’ என்று இருவரும் சேர்ந்து மேலும் இரண்டு ஆல்பங்கள் செய்தார்கள்.

இளைஞர்கள் அறிந்திருந்தார்களா என்று கேட்டீர்கள். லிஃப்டிலும் கடைகளிலும் பின்னணியில் ஓடும் இசையாக மட்டும் அறிந்திருந்தார்கள். அந்த நிலையிலிருந்து இந்தப் பாடல்களை மீட்க வேண்டும் என்பது தன் நோக்கங்களில் ஒன்று என்று ரான்ஸ்டாட்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஒலிப்பதிவைப் பற்றியும் ஒரு சொல். ஜார்ஜ் மாசன்பர்க் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள ‘தி காம்ப்ளெக்ஸ்’ ஒலிக்கூடத்தில் பதிவு செய்தார். நல்ல நிலையில் உள்ள எல்.பி. கிடைத்தால் ரே பிரவுனின் பாஸ் ஒலியைத் தனியே கேட்டுப் பாருங்கள். பல ஜாஸ் மேதைகளோடு வாசித்த ரே பிரவுன், ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் முன்னாள் கணவர். இங்கே ஒரு சுரம் கூடுதலாக வாசிக்காமல் பாட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்.

பாட்டுப்பெட்டி எழுதியது:

மூன்றாம் சரணத்தின் பதிவைப் படித்த பிறகு தலைப்புப் பாடலைப் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. நள்ளிரவு வானொலியின் மறுப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது தட்டிக்கழிக்கக் கூடியதல்ல.

ரான்ஸ்டாட் ஜாஸ் பாடகி அல்லர். அப்படி அவர் ஒருபோதும் சொல்லிக்கொண்டதும் இல்லை. கேள்வி, அவர் ஜாஸ் பாடகிபோல நடிக்க முயன்றாரா என்பதுதான். நான் கேட்டவரையில் இல்லை. பில்லி ஹாலிடேயின் தாமதத்தை அவர் கடன் வாங்கவில்லை. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் சுரம் போட்டுப் பாடும் விளையாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தப் பாடல்களில் பல பிறந்த இடம் ஜாஸ் விடுதி அல்ல, நாடக மேடை. ‘சம்ஒன் டு வாட்ச் ஓவர் மி’ 1926இல் ‘ஓ, கே!’ என்ற பிராட்வே நாடகத்துக்காக எழுதப்பட்டது. மேடையில் ஒரு பெண் நின்று, எழுதிய மெட்டை எழுதியபடியே, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடுவதற்கான பாட்டு அது. ‘வாட்ஸ் நியூ’வுக்கு முன்பு ரான்ஸ்டாட் எங்கே இருந்தார் என்று பாருங்கள். 1980இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கிலும், 1981 தொடங்கி பிராட்வேயிலும் ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ இசை நாடகத்தில் கதாநாயகியாக நடித்துப் பாடிக்கொண்டிருந்தார். அங்கேதான் மேல்ஸ்தாயியைக் கத்தாமல் பாடும் வழி அவருக்குக் கைவந்தது. எனவே இந்த ஆல்பத்தில் அவர் ஜாஸ் மரபில் நுழையத் தவறினார் என்று சொல்வதைவிட, அதைவிடப் பழைய மேடை மரபுக்குப் போனார் என்று சொல்வது பொருந்தும்.

இன்னொன்று. ‘லவ்வர் மேன்’ பதிவில் பில்லி ஹாலிடே விரும்பிக் கேட்டது என்ன தெரியுமா? வயலின்கள். தன் பின்னால் தந்தி வாத்தியங்கள் வேண்டும் என்று டெக்கா நிறுவனத்தின் மில்ட் கேப்லரிடம் வற்புறுத்திப் பெற்றார். 1944இல் ஒரு கறுப்பின ஜாஸ் பாடகிக்கு அது எளிதில் கிடைக்கும் வசதியன்று. பாட்டு தன் குரலில் மட்டும் இல்லை, தன்னைச் சுற்றி என்ன ஒலிக்கிறது என்பதிலும் இருக்கிறது என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

மேடை மரபு என்ற வாதத்தை ‘சம்ஒன் டு வாட்ச் ஓவர் மி’ அளவில் ஏற்கிறேன். ‘லவ்வர் மேன்’ நாடகத்துக்காக எழுதப்பட்டதன்று. அந்தப் பாடலைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றம் இல்லை.

ஆனால் உங்கள் பெரிய வாதத்துக்கே ஓர் எதிர்ச்சான்று வைக்கிறேன். பாப் டிலனின் ‘ஷேடோஸ் இன் தி நைட்’. 2015இல் வந்தது. பத்துப் பாடல்களும் சினாட்ரா முன்பு பாடியவை. பதிவு செய்த இடம் கேப்பிட்டல் கட்டடத்தின் ‘பி’ ஒலிக்கூடம். சினாட்ராவின் பழைய வீடு. விரும்பியிருந்தால் நாற்பது வயலின்களைக் கூட்டியிருக்கலாம். டிலன் பெரும்பாலும் தன்னோடு ஊர் ஊராகச் சுற்றும் ஐந்து பேர் குழுவையே வைத்துக்கொண்டு பாடினார். குரலோ உடைந்த குரல், அப்போது அவருக்கு எழுபதுக்கு மேல். ‘வாட்’ல் ஐ டூ’ இரண்டு ஆல்பங்களிலும் இருக்கிறது. பெர்லின் 1923இல் எழுதிய வால்ட்ஸ். ரான்ஸ்டாட் பாடுவதைக் கேட்டால் எவ்வளவு அழகான பாட்டு என்று தோன்றுகிறது. டிலன் பாடுவதைக் கேட்டால் அந்த மனிதருக்காக மனம் கனக்கிறது. ரிடில் போன்ற பெரிய அரேஞ்சர் இல்லாமலே இது நடந்திருக்கிறது. ஆகவே பேனாவைவிடக் குரலும் அதன் பின்னுள்ள வாழ்க்கையும்தான் முதன்மை என்பேன்.

மூன்றாம் சரணம் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது எந்தப் பக்கம் பேசுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

டிலனின் அந்த ஆல்பத்தில் டானி ஹெரன் வாசிக்கும் பெடல் ஸ்டீல் கித்தாரைக் கவனியுங்கள். சினாட்ரா பதிவுகளில் வயலின் கூட்டம் செய்த வேலையை அந்த ஒற்றை வாத்தியம் செய்கிறது. நீண்ட சுரங்களை இழுத்துப் பிடித்து, பாடகர் மூச்சு விடும் இடத்தில் மெல்ல மேலெழுந்து இறங்குகிறது. டோனி கார்னியர் சில இடங்களில் பாஸை வில் கொண்டு வாசிக்கிறார். அது அரேஞ்ச்மென்ட் இல்லாமல் வேறென்ன? பெரிய இசைக்குழுவுக்கான தாள்களை எடுத்து, எது இல்லாவிட்டால் பாட்டு நிற்காதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கியிருக்கிறார்கள். நீக்குவதும் பேனாவின் வேலைதான்.

தோற்றுப்போகும் ஆல்பங்களில் நடப்பது இதற்கு எதிரானது. இசைக்குழுவை ‘பழைய காலம்’ என்று காட்டுவதற்கான உடையாக மாட்டிவிடுகிறார்கள். ராட் ஸ்டூவர்ட்டின் தொடர் விற்பனையில் பெருவெற்றி. 2004இல் வந்த மூன்றாம் தொகுதி முதலிடம் பிடித்து கிராமியும் வாங்கியது. எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கும். ஆனால் எந்தப் பாட்டிலும் பின்னணி அவரை ஒரு கேள்வி கேட்பதில்லை. பியானோ, மெல்லிய வயலின், பிரஷ் கொண்டு தடவும் டிரம்ஸ் என்று எல்லாப் பாட்டுக்கும் ஒரே மெத்தை. பாட்டின் உச்சம் எது என்று முதலில் கண்டுபிடித்து, முழு அமைப்பையும் அதை நோக்கி ஏற்றிக்கொண்டு போவது ரிடிலின் முறை. உச்சமே இல்லாத அமைப்பில் எந்தக் குரலும் சும்மா நடந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தனை செய்த அரேஞ்சர்களுக்குக் கிடைத்தது என்ன? ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒருமுறைக் கூலி. விற்பனையில் பங்கு இல்லை. நாட் கிங் கோல் 1950இல் பாடிப் புகழ்பெற்ற ‘மோனா லிசா’வுக்கு எழுதியவர் ரிடில், வட்டில் அச்சானது லெஸ் பாக்ஸ்டரின் பெயர். ராக் வந்த பிறகு அவருடைய கைக்கு வந்தவை பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்களும் திரைப்படங்களும்தான். 1974இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய பிறகும் ரெக்கார்டு நிறுவனங்கள் அவரைத் தேடி வரவில்லை. ரான்ஸ்டாட் அவரைத் தேடிப் போனதோடு, ஆல்பத்தின் அட்டையிலேயே தன் பெயருடன் அவருடைய பெயரையும் போட்டார். மேடைக் கச்சேரிகளுக்கும் அவரையும் அவருடைய குழுவையும் அழைத்துச் சென்றார். 62 வயதில் ரிடிலைப் புதிய தலைமுறை கண்டுகொண்டது அப்படித்தான். ஒரு பாப் நட்சத்திரம் தன் புகழை இதைவிட நல்ல காரியத்துக்குச் செலவழித்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைச் சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் சரணம் ஐயா சொன்னபடி சினாட்ராவின் 1958 பதிவையும் ரான்ஸ்டாட்டின் 1983 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன். ‘குட்பை’ பாடலில்தான் எனக்கு வேறுபாடு மிகத் தெளிவாகப் புரிந்தது. சினாட்ரா பாடும்போது இசைக்குழு அவரைவிடத் துயரமாக இருக்கிறது; அவர் அதற்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறார். ரான்ஸ்டாட் பாடும்போது அவர் உறுதியாக நிற்கிறார், இசைக்குழுதான் அவருக்காக வருந்துகிறது. ஒரே மனிதர் இரண்டையும் எழுதினார் என்பதை நம்ப முடியவில்லை.

இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம்? இரண்டாவது, மூன்றாவது ஆல்பங்களும் இதே தரத்தில் இருக்கின்றனவா?

வட்டுச் சேகரம் எழுதியது:

‘லஷ் லைஃப்’பின் தலைப்புப் பாடலை நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். பில்லி ஸ்ட்ரேஹார்ன் பதின்ம வயதில் எழுதத் தொடங்கிய பாட்டு. எங்கே நிற்கும், எங்கே திரும்பும் என்று தெரியாத சுருதி மாற்றங்கள். பெரிய பாடகர்கள்கூட ஒதுங்கிப்போன பாட்டு. இதன் வாத்திய அமைப்புக்கும் ரிடிலுக்கு கிராமி கிடைத்தது. 1986 பிப்ரவரியில் அந்த விருது வழங்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. 1985 அக்டோபர் 6 அன்று, 64 வயதில் இறந்துவிட்டார்.

நள்ளிரவு வானொலி எழுதியது:

தம்பி, என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். ரான்ஸ்டாட் 2004இல் ‘ஹம்மிங் டு மைசெல்ஃப்’ என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதே வகைப் பாடல்கள்தாம், ஆனால் சிறிய ஜாஸ் குழுவோடு. அவருடைய கடைசித் தனி ஆல்பமும் அதுவே. குரல் முன்போலப் பொழியவில்லை. பாட்டோடு பேசுகிறார், சொற்களை அங்கங்கே தள்ளிவைக்கவும் துணிகிறார். 1983இல் நான் எதிர்பார்த்த தயக்கம் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. பின்னாளில் நரம்பு நோயால் அவர் பாடவே முடியாமல் போயிற்று என்பதை 2013இல் உலகம் அறிந்தது. அதை மறந்துவிட்டுக் கேட்டாலும் அந்த ஆல்பம் நன்றாகவே நிற்கும்.

பாட்டுப்பெட்டி எழுதியது:

‘ஹம்மிங் டு மைசெல்ஃப்’ எனக்கும் பிடித்த ஆல்பம். ஆனால் 1983இல் அவர் அப்படிப் பாடியிருந்தால் ரிடிலின் அமைப்புக்குள் அது பொருந்தியிருக்காது. அங்கே இசைக்குழு தளர்ந்து நெகிழும்போது பாடகி நேராக நிற்க வேண்டும். இருவரும் நெகிழ்ந்தால் பாட்டு சரிந்துவிடும். கடற்கரைச் சாலை ‘குட்பை’ பற்றி எழுதியதில் இது மிகச் சரியாக வந்திருக்கிறது.

மூன்றாவது ஆல்பம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ‘ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்’ பதிவு நடந்துகொண்டிருந்தபோதே ரிடில் இறந்துவிட்டார். எஞ்சிய பாடல்களுக்கு டெரி உட்சன் இசைக்குழுவை நடத்தினார். ‘ரவுண்ட் மிட்நைட்’, ‘மை ஃபன்னி வாலன்டைன்’, ‘வென் யூ விஷ் அபான் எ ஸ்டார்’ போன்ற பாடல்கள் அதில் இருக்கின்றன. மூன்றில் அது சற்றே மெலிந்தது என்பதே என் கணிப்பு. முதல் ஆல்பத்தின் ஒரே மூச்சு அதில் இல்லை. ஆயினும் தாளில் எழுதிவைத்தவர் இல்லாதபோதும் வாசிப்பவர்கள் அவருடைய நிதானத்தைக் காப்பாற்றியிருப்பதை அதில் கேட்க முடிகிறது.

வரிசை கேட்டதால் சொல்கிறேன். முதலில் ‘வாட்ஸ் நியூ’ முழுவதையும் இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு ‘லஷ் லைஃப்’. அதன் பின் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1959இல் ரிடிலோடு சேர்ந்து பாடிய கெர்ஷ்வின் தொகுப்பு. ‘ஐ ஹேவ் காட் எ கிரஷ் ஆன் யூ’ பாடலை அவரும் ரான்ஸ்டாட்டும் பாடியிருப்பதை அங்கே ஒப்பிடலாம். மூன்றாவது ஆல்பத்துக்கு அதற்குப் பிறகு வாருங்கள். கேட்ட பின் ‘லஷ் லைஃப்’ தலைப்புப் பாடலைப் பற்றி இங்கேயே எழுதுங்கள். அதில் ரான்ஸ்டாட் தேறினாரா என்பது பற்றி நள்ளிரவு வானொலியின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.